ஆளுக்கொரு பூட்டு

பெரியவருக்குச் சின்னவர் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னவரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும், விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும் பெரியவரின் முகம். அதை மறைக்க அவர் இருமுவார். வீட்டில் இருமல் மருந்து எப்போதும் தீர்ந்துபோவதன் ரகசியம் அதுதான்.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். பெரியவர்தான் சின்னவரை அங்கே சேர்த்துவிட்டார், தொழிலும் அவரே சொல்லிக்கொடுத்தார். மாமனார் வீட்டில் கூப்பிட்ட பெயர் கம்பெனிக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டு, சூப்பர்வைசரே 'பெரியவரே' 'சின்னவரே' என்றுதான் அழைப்பார். பெரியவருக்கு அதில் பெருமை. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார், வயசைச் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

சகலைகளுக்குள் சின்னச் சின்னப் பொறாமை இல்லாத குடும்பம் உண்டா? யார் வண்டி புதுசு, யாருக்கு மாமியார் நெய்க் கரண்டியை ஒரு தரம் கூடுதலாகச் சாய்த்தார் என்கிற உப்புப் பெறாத கணக்குகள். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். பெரியவரின் பொறாமை வேறு ரகம். போன வருஷம் சின்னவர் படுத்தாரே, அந்தப் படுக்கை மேல் வந்த பொறாமை அது.

ஒரு நாள் காலையில் சின்னவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தலைவலியா, இடுப்புவலியா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். வேறு என்னதான் என்றால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, பிள்ளைகள் பேசினால் பதிலில்லை. "நான் எதுக்கு இருக்கேன்னே தெரியல" என்று ஒரு நாள் சுவரிடம் சொன்னாராம். கொழுந்தியாள் அழுதுகொண்டே போன் பண்ணினாள். ஓடியவர் பெரியவர்தான்.

வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனதும் அவர்தான். பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பவரை விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஓட்டுவார். டாக்டரின் அறைக்கும் வெளி பெஞ்சுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது வெளியே கேட்கும். டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்பார்: எத்தனை மணிக்குத் தூக்கம் கலையுது? எழுந்ததும் முதல்ல என்ன தோணுது? முன்னாடி ஆசையா செஞ்சது எதையாவது இப்ப செய்யத் தோணுதா?

பெஞ்சில் இருந்தபடி பெரியவரும் ஒவ்வொரு கேள்விக்கும் மனசுக்குள் பதில் சொன்னார். விடியறதுக்கு முன்னாடியே கலையுது. எழுந்ததும் இன்னிக்கும் ஒரு நாளான்னு தோணுது. ஆசையா எதைச் செஞ்சேன்னே ஞாபகமில்ல. உள்ளே சின்னவர் சொன்ன பதில்களும் ஏறக்குறைய இவைதான். ஆனால் உள்ளே டாக்டர் அம்மா "ம், சொல்லுங்க" என்றார். வெளியே பக்கத்தில் இருந்த ஆள் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றான்.

அன்றைக்குத்தான் வயிற்றில் முதல் தீ பற்றியது. படுத்துக் கிடக்கிறவனைப் பார்த்தும் ஒருவன் பொறாமைப்படுவானா? பெரியவர் பட்டார். இவனால் மட்டும் எப்படிப் படுக்க முடிந்தது, என்னால் ஏன் முடியவில்லை என்று பட்டார். நான் படுத்தால் இவனை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது என்ற நியாயமான கேள்வியும் அவருக்கு வந்தது. அதனால் படுக்கவில்லை. எழுந்து வேலைக்குப் போனார்.

மனைவியிடம் ஒரு தரம் வாயைத் திறந்து பார்த்தார். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். காலையில் தலையைப் பின்னிக்கொண்டே ஒரு கண்ணால் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"தூக்கமே வரமாட்டேங்குது" என்றார்.

"டீயைக் குறைங்க" என்றாள் அவள்.

"டீயில்ல. மனசு ஒரு மாதிரி..."

"எல்லாருக்கும் ஒரு மாதிரிதாங்க இருக்கு. நீங்களாவது தெம்பா இருங்க. ஏற்கெனவே என் தங்கச்சி வீடு கிடக்கிற கிடை போதாதா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பெரியவர் டீயைக் குறைத்தார். தூக்கமும் வரவில்லை, டீயும் இல்லை.

பிள்ளைகள் வேலை கிடைத்து வேற்றூர்களில் இருந்தார்கள். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. எதற்காக ஓடினோமோ அதெல்லாம் ஆயிற்று, இனி எதற்கு ஓடுவது என்று யாரும் சொல்லவில்லை. தொழிலாவது துணைக்கு நின்றதா என்றால் அதுவுமில்லை. முன்பெல்லாம் லிஃப்டுக்குள் நின்று காதைக் கதவில் வைத்தால் எங்கே தேய்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இப்போது வருகிற லிஃப்டுகள் தங்கள் நோவைத் தாங்களே கம்பெனிக்குச் சொல்லிவிடுகின்றன. கதவு சரியாக மூடவில்லை, பிரேக் சூடாகிறது என்று செய்தி போகிறது. உடனே ஆள் வருகிறது. பெரியவருக்கு லிஃப்டைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

சின்னவர் மெல்ல மெல்ல எழுந்தார். முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு வேலைக்கு. அதோடு விட்டிருந்தால் பெரியவர் பொறுத்துக்கொண்டிருப்பார். டாக்டர் அம்மா அவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கூடத்துக்கு வரச் சொன்னார். இதே மாதிரி விழுந்து எழுந்த ஆண்கள் அங்கே வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். சின்னவர் கேட்கப் போனார். பிறகு பேச ஆரம்பித்தார். பிறகு புதிதாக வருகிறவர்கள் அவரிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முன்பு கல்யாண வீட்டில் மைக்கைக் கண்டால் கழிப்பறைக்குள் போய் ஒளிகிற மனுஷன் அவர். "இப்பத்தான் அண்ணே எதுக்கு இருக்கேன்னு கொஞ்சம் புரியுது" என்று ஒரு நாள் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பெரியவர் இருமினார்.

பெரியவரின் மனைவியும் சேர்ந்துகொண்டாள். "எவ்வளவு தெளிவா பேசறார் பாருங்க. மனசுல இருக்கிறதைச் சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும்." இதைச் சாதம் போடும்போது சொன்னாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவினார்.

கதை நடந்த நாளுக்கு வருவோம். ஒரு பத்து மாடி அலுவலகக் கட்டடம், பழைய லிஃப்ட். அடியிலுள்ள குழியைச் சுத்தம் செய்து, தண்டவாளங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்கும் முன் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், மெயின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. சாவி அவரவர் சட்டைப்பையில். வெளியே வந்ததும் அவரவர் ஏறிப் போய் அவரவர் பூட்டை எடுக்க வேண்டும். சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கினால், அந்தப் பூட்டுக்காரன் ஷாஃப்டுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அவனைக் கண்ணால் பார்க்கும் வரை அந்தப் பூட்டில் கைவைக்கக் கூடாது. போனில் குரல் கேட்டாலும் போதாது, நேரில் பார்க்க வேண்டும். சின்னவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பெரியவர்தான், அதுவும் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. இருவரும் குழியிலிருந்து ஏறி, கீழ்த்தளக் கதவருகே கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே போய்ப் பூட்டை எடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. அப்போது சின்னவரின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

"சொல்லுங்க... நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். நேத்து தூங்கினீங்களா? சாப்பிட்டீங்களா?... பரவாயில்ல, மெதுவா சொல்லுங்க. அவசரமே இல்ல."

பெரியவரின் கையிலிருந்த துணி நின்றது. எவனோ முகம் தெரியாத ஒருவன். அவனிடம் இந்தக் குரல். பட்டுத் துணியை மடிப்பது மாதிரி ஒரு குரல். கூடவே ஒரே குழிக்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கிற மனுஷன் நான், என்னிடம் என்றைக்காவது கேட்டானா, தூங்கினீங்களா அண்ணே என்று? இவனை மூட்டையாகத் தூக்கிச் சுமந்தேனே, என் தோள் வலிக்கிறதா என்று கேட்டானா?

அருகே போய் நின்றார். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தது போதும். வேலையைப் பாரு."

சின்னவர் திரும்பிப் பார்த்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று.

அந்த ஒரு விரல் போதுமானதாக இருந்தது. பெரியவர் திரும்பி நடந்தார். கருவிப் பை குழிவாசலில் கிடந்தது, போன் அதற்குள் இருந்தது, எதையும் எடுக்கவில்லை. சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாக வெளியேறி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினார். எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட் என்றார்.

கடைசி நிறுத்தத்தில் ஒரு கூரை, இரண்டு பெஞ்சு, ஒழுகுகிற குழாய், தூங்குகிற நாய். பஸ் காலியாகித் திரும்பிப் போயிற்று. பெரியவர் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை, வேலைக்குத் திரும்பத் தோன்றவில்லை, வேறு எங்கேயும் போகத் தோன்றவில்லை. இப்படியே இங்கேயே இல்லாமல் போய்விட்டால் யாருக்கு என்ன குறை என்று ஒரு எண்ணம் வந்தது. முன்பும் வந்திருக்கிறது. இன்றைக்கு அது பக்கத்தில் உட்கார்ந்தது.

முகம் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் விரல் விட்டார். சாவி தட்டுப்பட்டது. தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

பூட்டு. மெயின் சுவிட்சில் அவர் பூட்டு தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நடக்காத தப்பு. சட்டென்று எழுந்தார். ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

இதைத்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவருக்கு உள்ளுக்குள் இனித்தது. தேடட்டும் என்று நினைத்தார். சின்னவன் மேலே போவான், தன் பூட்டை எடுப்பான், என் பூட்டைப் பார்ப்பான். பெரியவர் எங்கே என்பான். கம்பெனியே கேட்கும். அவன் படுத்தபோது எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்களே, இன்றைக்கு எனக்காகக் கொஞ்சம் நிற்கட்டும். அவன் பதறட்டும். நன்றாகப் பதறட்டும்.

புறப்பட்ட பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. இனிப்பு நாக்கிலேயே புளித்துக்கொண்டு வந்தது. பதறினால் சின்னவன் என்ன செய்வான் என்று யோசித்தார். குழிவாசலில் பை கிடக்கிறது. அதற்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஆளைக் காணோம். கடைசியாக அந்த ஆள் பேசியது கோபத்தில். சின்னவன் குழிக்குள் இறங்குவான். டார்ச்சை எங்கே அடிப்பான், எதைப் பார்க்கப் பயப்படுவான், எல்லாம் பெரியவருக்குக் கண் முன்னால் வந்தது. அதோடு அவன் எழுந்து எத்தனை மாசம் ஆகிறது. அவனை மறுபடியும் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டால்?

அதற்கடுத்த பஸ்ஸில் ஏறினார். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

கட்டட வாசலில் ஒரே கூட்டம். அலுவலகம் முடிந்து படியிறங்கி வந்தவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கம்பெனியை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில் பெரியவரின் மனைவி, பள்ளிக்கூடத்துப் பையோடு, செய்தி கேட்டு அப்படியே வந்தவள். அவரைப் பார்த்ததும் ஓடிவந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சூப்பர்வைசருக்குத்தான் குரல் வந்தது. "எங்க போய்த் தொலைஞ்சீங்க பெரியவரே? பூட்டை வெட்டிடலாம்னு நான் சொன்னேன். உங்க சகலை விட்டாதானே? ஆளைப் பார்க்காம யாராவது கைவெச்சா கையை உடைச்சிடுவேன்கிறார். மாடி மாடியா ஏறிக் கதவைத் திறந்து பார்த்தாச்சு. லிஃப்டோட கூரை மேல பார்த்தாச்சு. இப்ப மறுபடியும் குழிக்குள்ள இறங்கியிருக்கார். மூணாவது தடவை."

பெரியவர் கீழ்த்தளக் கதவுக்குப் போனார். பாதி திறந்திருந்தது. குழிக்குள் டார்ச் வெளிச்சம் ஒரு மூலையிலேயே நின்றுகொண்டிருந்தது. சின்னவர் மண்டியிட்டு, காலையில் இருவரும் சேர்ந்து துடைத்த அதே தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் எண்ணெய்க்கறுப்பு, அதில் கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு வெளுத்திருந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"வெளியதான் இருக்கீங்களா அண்ணே" என்றார்.

"வெளியதான் இருக்கேன். ஏறி வா."

சின்னவர் ஏறி வந்தார். பெரியவரின் தோளை, கையை, விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், எல்லாம் இருக்கிறதா என்று. பிறகு, "வாங்க, பூட்டை எடுத்துடலாம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பத்து மாடியும் படியேறினார்கள். மெஷின் ரூமில் பெரியவரின் பூட்டோடு சின்னவரின் பூட்டும் தொங்கியது, அவரைத் தேடி இறங்குவதற்காக மறுபடி மாட்டியது. சின்னவர் தன்னுடையதைத் திறந்து எடுத்தார். பெரியவர் சாவியை எடுத்தார். சாவி பூட்டின் விளிம்பில் மோதியதே தவிர உள்ளே போகவில்லை. இன்னொருவன் பூட்டைத் திறக்கக் கூடாது என்பது சட்டம், சின்னவர் கையை நீட்டவில்லை. கீழேயிருந்து சூப்பர்வைசரின் போன் வந்தது. சின்னவர் எடுக்கவில்லை.

"எனக்கு உன்மேல பொறாமைடா" என்றார் பெரியவர், பூட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ எழுந்ததுக்கு இல்ல. நீ படுத்தியே, அதுக்கு. உன்னைச் சுத்தி எல்லாரும் இருந்தாங்களே, அதுக்கு. அந்த டாக்டரம்மா உன்னைக் கேட்டதுக்கெல்லாம் நான் வெளியில உட்கார்ந்து பதில் சொன்னேன். இன்னிக்குப் பூட்டை மறந்துட்டுத்தான் போனேன். ஆனா ஞாபகம் வந்தப்புறமும் வரல. தேடட்டும்னு இருந்துட்டேன். அங்க உட்கார்ந்து வேற என்னென்னவோ நினைச்சேன். எனக்கு முடியலடா. ரொம்ப நாளா முடியல."

சொல்லிவிட்டு, அடி விழக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

சின்னவர் சுவரோரம் கிடந்த எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அவரை அதில் உட்காரவைத்தார். தான் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நேத்து தூங்கினீங்களா அண்ணே?"

"இல்ல."

"முந்தாநாள்?"

பெரியவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கீழே யாரோ லிஃப்ட் பட்டனை வீணாக அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் சூப்பர்வைசரின் போன். சின்னவர் அதை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மெதுவா சொல்லுங்க" என்றார். "அவசரமே இல்ல."

பெரியவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பூட்டைத் திறந்து லிஃப்ட் ஓடியபோது ஊரெல்லாம் விளக்கு போட்டிருந்தார்கள்.